மறு: டோ டாலிக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம். ஒரு காரை இன்னொரு வண்டியின் பின்னால் இழுத்துச் செல்ல, காரின் முன்சக்கரங்களைத் தாங்கும் சிறு வண்டிதான் டோ டாலி (tow dolly). அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் கையேட்டில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> 'கார் இழுவை' என்றே வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரிதான் ஐயா. ஆனால் டிரெய்லரையும் இழுவை என்றுதான் எழுதிவருகிறோம். டிரெய்லரில் கார் முழுதாக ஏறிவிடும். டாலியில் ஏறுவது முன்சக்கரம் இரண்டு மட்டும். பின்சக்கரங்கள் வழிநெடுகச் சாலையில் உருண்டு வரும். அதனால்தான் கைப்பிரேக்கை விடுவிக்கச் சொல்கிறோம். எஞ்சினை அணைத்ததும் தானாகவே பிடித்துக்கொள்ளும் மின் கைப்பிரேக் என்றால், விடுபட்டிருக்கிறதா என்று இருமுறை பார்க்க வேண்டும். என் பரிந்துரை 'முன்சக்கர ஏந்தி'. ஒருமுறை முழுப்பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு 'ஏந்தி' என்றாலே போதும்.

> பின்சக்கரத்தையும் ஏற்றலாம் அல்லவா? 'இருசக்கர ஏந்தி' பொதுவாக இருக்குமே.

'இருசக்கர' என்றதும் பைக் ஏற்றும் வண்டி என்றே படிப்பவர் நினைப்பார். தவிர, காரைப் பின்புறமாக ஏற்றக் கூடாது என்று டாலி செய்பவர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். திரும்பும் சக்கரங்கள் தரையில் இருந்தால் கார் இருபுறமும் அலையத் தொடங்கும். எந்தச் சக்கரம் மேலே என்பதைப் பெயரே சொல்லட்டும் என்கிறேன்.

எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் பின்சக்கர இயக்கக் கார்களுக்கு ஏந்தி எளிதில் பொருந்தாது, உண்மை. சக்கரம் உருண்டால் கியர்பாக்ஸின் வெளித்தண்டும் சுழலும். எஞ்சின் ஓடாததால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் பம்ப் நின்றிருக்கும். உள்ளுறுப்புகள் காய்ந்து தேயும். கியர்பாக்ஸைப் பின்சக்கரங்களோடு இணைக்கும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், அல்லது டிரெய்லரில் முழுதாக ஏற்ற வேண்டும்.

உறுப்புகளுக்கு வருவோம். டயர்மேல் போடும் ஸ்ட்ராப்புக்குச் 'சக்கரப் பட்டை'. பட்டையை இறுக்கும் பல்சக்கரக் கருவியான ராட்செட்டை அப்படியே விடலாம், பட்டறையில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். கைப்பிடியை ஆட்ட ஆட்ட ஒவ்வொரு பல்லாக நகர்ந்து பட்டை இறுகும். பட்டை முறுக்கிக்கொள்ளாமல் டயரின் அகலத்துக்குத் தட்டையாகப் படிகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் கடைசி இறுக்கு. சில கிலோமீட்டர் ஓடியதும் டயர் ஏந்தியில் உள்ள தன் குழியில் நன்றாக அமர்ந்துவிடும், பட்டை தளரும். வண்டியை நிறுத்தி மறுபடி இறுக்குவதற்கு 'மறுஇறுக்கு' என்ற சொல் கையேட்டில் தனித் தலைப்பாகவே வர வேண்டும். பலர் விட்டுவிடும் படி அது.

> சேஃப்டி செயினுக்கு 'பாதுகாப்புச் சங்கிலி'?

'காப்புச் சங்கிலி' போதும். ஆனால் விளக்கத்தில் 'குறுக்காக' என்ற சொல் கட்டாயம் வேண்டும். ஏந்தியின் முன்தண்டுக்கு அடியில் இரண்டு சங்கிலியும் பெருக்கல் குறியாகப் போகவேண்டும். இழுக்கும் வண்டியின் இணைப்புக் குமிழிலிருந்து ஏந்தியின் கவ்வி கழன்றால் தண்டு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலிகள்மேல் விழும். திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தளர்வு இருக்கட்டும், சாலையில் உரசும் அளவுக்கு வேண்டாம்.

கடைசியாக ஜாக்நைஃப், அதாவது இழுக்கும் வண்டியும் பின்னால் வருவதும் இணைப்பில் கத்திபோல் மடிந்துகொள்வது. 'மடக்குக்கத்தியாதல்' என்று முன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. ஏந்தியோடு பின்னால் எடுத்தால் இணைப்பில் ஒரு மடிப்பு, காரின் முன்சக்கரங்கள் நிற்கும் ஏந்தித் தட்டில் இன்னொரு மடிப்பு என இரண்டு இடத்தில் வண்டி வளையும், ஓட்டுநரால் கட்டுப்படுத்த முடியாது. 'மடங்குதல்' என்றாலே விளங்கும்: "ரிவர்ஸ் எடுக்காதீர்கள், வண்டி மடங்கிவிடும்." மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.