சாஃப்ட்வேருக்கும் 20 வருஷ பேட்டன்ட் எதுக்கு?

கோடுகிறுக்கன்:
நேரா விஷயத்துக்கு வர்றேன். பேட்டன்ட்னா விண்ணப்பம் ஃபைல் பண்ண தேதில இருந்து 20 வருஷம் அந்தக் கண்டுபிடிப்பு உனக்கு மட்டும்தான், புது மருந்தா இருந்தாலும் சரி, ஒரு மோட்டாரா இருந்தாலும் சரி, ஸ்கிரீன்ல ஒரு பட்டனா இருந்தாலும் சரி, எல்லாத்துக்கும் ஒரே கணக்கு. அமேசானோட ஒன்-கிளிக் ஞாபகம் இருக்கா? அட்ரஸும் கார்டு விவரமும் ஏற்கனவே சேவ் ஆகியிருக்கு, ஒரு தட்டு தட்டினா ஆர்டர் போயிடும், அவ்வளவுதான் மேட்டர். இதுக்கு 1999ல அமெரிக்காவுல பேட்டன்ட் குடுத்தாங்க, கிடைச்ச கையோட பார்ன்ஸ் அண்ட் நோபிள்ங்கற புத்தகக் கடைக்காரங்க மேல கேஸ் போட்டாங்க, அவங்க வேணும்னே இன்னொரு கிளிக் சேர்த்து தப்பிக்க வேண்டியதாச்சு. ஆப்பிள் காசு குடுத்து லைசென்ஸ் வாங்குச்சு. 2017 வரைக்கும் இந்தக் கூத்து நடந்துச்சு. சாஃப்ட்வேருக்கு 5 வருஷம் போதும்னு சொல்றேன், மறுக்கறவங்க வாங்க.

திருகாணி:
நான் மெஷின் டிசைன் ஆளு, மறுக்கறேன். ஒரு மோசமான பேட்டன்ட்டைக் காட்டி மொத்தத்துக்கும் தீர்ப்பு எழுதாதீங்க ப்ரோ. ராபர்ட் கியர்ன்ஸ்னு ஒரு எஞ்சினியர். தூறல் மழைக்கு விட்டு விட்டு ஓடற வைப்பர் கண்டுபிடிச்சு 1967லயே பேட்டன்ட் வாங்கினவரு. ஃபோர்டுக்காரங்க அதைப் பார்த்தாங்க, பேசினாங்க, அப்புறம் அவரைக் கழட்டிவிட்டுட்டு 1969ல அவங்களே அந்த மாதிரி வைப்பரோட கார் விட்டாங்க. தனி ஆளு, அவர் கையில அந்தப் பேப்பர் மட்டும் இல்லேன்னா என்ன பண்ணியிருப்பாரு? புலம்பிட்டு போயிருப்பாரு. பேட்டன்ட் இருந்ததால ஃபோர்டு 1 கோடி டாலருக்கு மேல குடுத்து செட்டில் பண்ணுச்சு.

கோடுகிறுக்கன்:
பாதிக் கதைதான் சொல்றீங்க. கேஸ் போட்டது 1978, காசு வந்தது 1990. அதுக்குள்ள முக்கியமான அந்தப் பேட்டன்ட்டோட காலமே முடிஞ்சு போச்சு. அப்புறம் கிறைஸ்லர் மேல போட்ட கேஸ்ல வக்கீலுக்குப் பதிலா அவரே நின்னு வாதாடினாரு. வாழ்க்கையில பாதி கோர்ட்லயே போச்சு. இதுவா சின்ன ஆளுக்குப் பாதுகாப்பு? கோர்ட்டுக்குப் போக வசதி இருக்கறவனுக்குத்தான் பேட்டன்ட், மத்தவங்களுக்கு அது ஃப்ரேம் போட்டு மாட்டற சர்டிஃபிகேட்.

சும்மாபடிக்கிறவன்:
என் லோகோவை ஒருத்தன் அப்படியே காப்பி அடிச்சிட்டான், பேட்டன்ட் கேஸ் போடலாமா?

நிலாக்கா:
லோகோன்னா டிரேட்மார்க் தம்பி, பேட்டன்ட்ல வராது. கதை, பாட்டு, படம் எல்லாம் காப்பிரைட். தனி திரெட் போடுங்க, அங்க பேசுவோம்.

திருகாணி:
@கோடுகிறுக்கன் கோர்ட் மெதுவா போகுதுன்னா கோர்ட்டைத் திருத்துங்க. பேட்டன்ட் இல்லாத உலகம் எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க, எல்லாரும் எல்லாத்தையும் பகிர்ந்துக்குவாங்கன்னா? மூடி வச்சுக்குவாங்க சார். இங்கிலாந்துல சேம்பர்லென்னு ஒரு மருத்துவக் குடும்பம், பிரசவத்துல சிக்கிக்கிட்ட குழந்தையை வெளிய எடுக்கற ஃபோர்செப்ஸ் 17ஆம் நூற்றாண்டுலயே அவங்க கையில இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல வெளிய யாருக்கும் காட்டாம குடும்ப ரகசியமாவே வச்சிருந்தாங்க. அந்தக் கருவிங்க 1813ல அவங்க பழைய வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில கிடைச்சுது. அத்தனை வருஷத்துல எத்தனை தாய், எத்தனை குழந்தை போயிருக்கும் யோசிச்சுப் பாருங்க. எப்படி செய்யறதுன்னு முழுசா எழுதிக் குடு, பதிலுக்கு கொஞ்ச காலம் உனக்கு மட்டும்னு விடறோம், இந்த ஒப்பந்தம்தான் பேட்டன்ட். 3டி பிரிண்டரையே எடுத்துக்கங்க, பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்கா ஊத்தற முறைக்கு 1989ல ஸ்ட்ராடசிஸ்ங்கற கம்பெனி ஆளு ஃபைல் பண்ணாரு, 2009ல முடிஞ்சுது, அதுக்கப்புறம் வீட்டு மேஜைல வைக்கற மாதிரி மெஷின் ஆளாளுக்கு செய்ய ஆரம்பிச்சாங்க.

கோடுகிறுக்கன்:
ஃபோர்செப்ஸ் கதை பலமான பாயின்ட்தான், ஆனா 3டி பிரிண்டர் என் பக்கத்து சாட்சி சார்! 20 வருஷம் பூட்டு, பூட்டு திறந்ததும் வெள்ளம். 10 வருஷத்துல திறந்திருந்தா அந்த வெள்ளம் 1999லயே வந்திருக்கலாம் இல்லையா.

மருந்துப்பெட்டி:
நான் மருந்துத் துறை. 5 வருஷம்னு எங்க பக்கம் சொல்லிடாதீங்க, ஃபைல் பண்ணதுக்கப்புறம் மனுஷங்க மேல மூணு கட்ட ட்ரயல், அப்புறம் அனுமதி, மருந்து கடைக்கு வர்றதுக்குள்ளயே 20ல பாதி போயிடுது. இதைச் சொன்ன அதே வாயால இதையும் சொல்லணும், எங்க ஆளுங்க ஒண்ணும் உத்தமர் கிடையாது. ஹுமிராங்கற மூட்டுவாத மருந்தோட மூல பேட்டன்ட் அமெரிக்காவுல 2016லயே முடிஞ்சுது. ஆனா அதைச் சுத்தி தயாரிப்பு முறை, டோஸ், கலவைன்னு நூத்துக்கும் மேல பேட்டன்ட் அடுக்கி வச்சிருந்தாங்க, விலை குறைஞ்ச மாற்று மருந்து 2023லதான் அங்க கடைக்கு வந்துச்சு. ஐரோப்பாவுல அதே மருந்துக்கு 2018லயே வந்தாச்சு.

நிலாக்கா:
எல்லாரும் வருஷத்தையே பிடிச்சு தொங்கறீங்க. எனக்கு அதைவிட க்ளெய்ம்ல, அதாவது 'இது வரைக்கும் என்னோடது'ன்னு பேட்டன்ட்ல எழுதற வரிதான் பிரச்சனை. எவ்வளவு அகலமா வேலி போடலாம்ங்கறது அங்கதான் இருக்கு. ரைட் சகோதரர்கள் பண்ணினது இறக்கை முனையை முறுக்கி பேலன்ஸ் பண்றது, கர்டிஸ்ங்கற இன்னொரு விமானத் தயாரிப்பாளர் பண்ணினது இறக்கையில தனியா அசையற சின்ன மடிப்பு, ரெண்டும் வேற வேற அமைப்பு. ஆனா பேட்டன்ட் அகலமா இருந்ததால கோர்ட் ரைட் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. கடைசில முதல் உலகப்போர் வந்து, 1917ல எல்லா விமான பேட்டன்ட்டையும் ஒரே இடத்துல சேர்த்து பகிர்ந்துக்க வச்சாங்க. சாஃப்ட்வேர்லயும் அதே நோய்தான், "கம்ப்யூட்டர் மூலமா செய்யறது"ன்னு ஒரு வால் ஒட்டி எதை வேணும்னாலும் வாங்கிட்டு இருந்தாங்க, 2014ல ஆலிஸ்ங்கற கம்பெனியோட கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஆப்பு வச்சுது.

கோடுகிறுக்கன்:
ஆப்பு வச்சும் நோட்டீஸ் நிக்கலயே அக்கா. எதையுமே தயாரிக்காம, பழைய பேட்டன்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு சின்னக் கம்பெனிங்களுக்கு லெட்டர் அனுப்பறதே பிழைப்பா இருக்கறவங்க இன்னும் இருக்காங்க. எதிர்த்து வாதாடற செலவைவிட அவன் கேக்கற தொகை கம்மியா இருக்கும், அதான் டெக்னிக், குடுத்துட்டு போயிடுவாங்க. காலம் கம்மியா இருந்தா அந்த பழைய சரக்குக்கே மதிப்பிருக்காது.

திருகாணி:
சரி, உங்க 5 வருஷத்தையே எடுத்துப்போம். ஃபைல் பண்ணி, பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் கேள்வி கேட்டு, பதில் எழுதி, கிராண்ட் ஆகி பேட்டன்ட் கையில கிடைக்கறதுக்கே ரெண்டு மூணு வருஷம் ஓடிடுது. கையில என்ன மிஞ்சும்? பட்டை நாமம்.

கோடுகிறுக்கன்:
கிராண்ட் ஆன தேதில இருந்து 5னு வச்சுக்கங்க.

நிலாக்கா:
ஐயோ, அது மட்டும் வேண்டாம். அமெரிக்காவுல 1995 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கிராண்ட்ல இருந்து 17 வருஷம். லெமல்சன்னு ஒருத்தர் 1950கள்ல போட்ட விண்ணப்பத்தை முடியவே விடாம திரும்பத் திரும்ப நீட்டி, தொழில் நல்லா வளர்ந்து நிக்கறப்போ பார்கோடு ஸ்கேனிங் என்னோடதுன்னு வந்து நின்னாரு. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் பணம் கட்டுச்சு. 2004லதான் ஒரு கோர்ட், இவ்வளவு இழுத்தடிச்சா செல்லாதுன்னு சொல்லுச்சு.

கோடுகிறுக்கன்:
அப்போ ரெண்டையும் சேர்த்து போடுங்க. கிராண்ட்ல இருந்து 5, ஆனா ஃபைலிங்ல இருந்து 8ஐ தாண்டக்கூடாது, எது முன்னாடி வருதோ அது.

திருகாணி:
சாஃப்ட்வேருக்கு மட்டும்னா 8க்கு வேணா ஒத்துக்கறேன். மெஷின் பக்கம் கை வச்சீங்க, மறுபடி முதல்ல இருந்து சண்டைதான்.

மருந்துப்பெட்டி:
எங்க பக்கமும் வேண்டாம். ஆனா அந்த நூத்துச்சொச்சம் அடுக்கற வேலைக்கு ஒரு வழி பண்ணுங்க, அதுக்கு நானே கையெழுத்து போடறேன்.