62 வயதில் திரும்ப ஓட வருபவருக்குச் சமதளப் பாதையும் துணையும் வேணும் (சேலம்)

வணக்கம்ங்க. எங்க காலை ஓட்டக் குழுவுக்கு ஐயா ஒருத்தர் திரும்ப வர்றார். முன்னாடி நெடுந்தூரம் ஓடினவர். போன வருஷம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சாங்க, அடுத்த சில மாசத்துல வீட்டம்மா தவறிட்டாங்க. டிஎம்டி (டிரெட்மில்ல நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கிற டெஸ்ட்) பார்த்து டாக்டர் அனுமதி கொடுத்தாச்சு.

இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள்: 10 நிமிஷம் நடை, அப்புறம் 1 நிமிஷம் மெல்லோட்டம், 2 நிமிஷம் நடைன்னு 8 தடவை, கடைசியா 10 நிமிஷம் நடை. ஓடி முடிச்சதும் சட்டுனு நின்னா ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுத்தும். இதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுறதால நாடித்துடிப்பு அவ்வளவா ஏறாது. அதிகபட்ச நாடித்துடிப்புக்கு 220-ல வயசைக் கழிக்கிற கணக்கு இவருக்குச் சரிவராது. முழு வாக்கியம் பேச முடியலைன்னா உடனே நடைதான். ராத்திரி தூக்கம் வராத மறுநாளும் நடை மட்டும்தான். துக்கத்துல இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஏற்காடு மலைப்பாதையை இப்போதைக்கு யாரும் சொல்லாதீங்க. ஏத்தத்துல மூச்சு வாங்கும், ஆனா தொடையையும் முட்டியையும் பதம் பார்க்கிறது இறக்கம்.

மூக்கனேரிப் பக்கமோ காந்தி ஸ்டேடியத்துலயோ காலை 5.30-க்கு வெளிச்சம் இருக்கா, நாய்த்தொல்லை எப்படி? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறார், தடுக்கி விழக் கூடாது. பழைய ஷூவில் குதிகால் வெளிவிளிம்பு சாய்வாத் தேஞ்சு, நடு ஸ்பாஞ்ச் கட்டை மாதிரி இறுகிடுச்சு. சாயங்காலம் கால் லேசா வீங்கியிருக்கும்போது போட்டு நடந்து பார்க்க விடுற கடை எது?

கன்னங்குறிச்சிப் பக்கம் அவர் வயசுல, இதே வேகத்துல கூட வரக்கூடியவங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க.