பதில் வந்த பிறகு கேள்வியைத் திருத்தினால் குற்றமா?

அச்சகத்துக்காரி (பினாங்கு)

வணக்கம். லிட்டில் இந்தியா பக்கம் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப் பந்தல் குழுக்களின் துண்டறிக்கைதான் எங்களுக்குச் சோறு. இந்த முறை ஒரு குழுவின் அறிக்கையை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியபோது தமிழ் உடைந்துபோனது. ‘சேவை’ என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, வகரத்துக்கு முன்னால் வரவேண்டிய ஐகாரக் கொம்பும் வகரத்துக்குப் பின்னால் நிற்கிறது. ஆங்கில உதவித் தளம் ஒன்றில் படத்தோடு கேட்டேன்.

முதலில் ஒருவர், “எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் தட்டியதா இல்லையா? இதையெல்லாம் கேள்வியிலேயே சேர்” என்றார். சேர்த்தேன். இன்னொருவர் பதில் போட்டார்: பத்திக்கான பலகத்தின் மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். செய்தேன், தலைப்பும் நிகழ்ச்சி நிரலும் அழகாக வந்துவிட்டன.

ஆனால் உபயகாரர் பட்டியல் மட்டும் சரியாகவில்லை. அது குழுச் செயலாளர் பழைய கணினியில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி அனுப்பியது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. சரி, அதே கேள்விதானே என்று அதையும் கீழே சேர்த்து, தலைப்பையும் மாற்றினேன். மறுநாள் பார்த்தால் யாரோ என் திருத்தத்தைத் தூக்கிவிட்டு, “பதில் வந்த பிறகு கேள்வியை மாற்றக் கூடாது” என்று எழுதியிருக்கிறார். கையோடு நான் போட்டிருந்த வணக்கத்தையும் நன்றியையும் வெட்டிவிட்டார், ஆங்கிலத்தையும் திருத்திவிட்டார்.

ஒருவர் திருத்து என்கிறார், இன்னொருவர் ஏன் திருத்தினாய் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எங்கள் கடைத் தம்பி, “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கேளுங்கள் அக்கா” என்கிறான்.

பிறைக்காரன்

தங்கச்சி, இரண்டு பேரும் சொன்னது சரிதான். அவர்கள் பேசியது இரண்டு வேறு வேலைகளைப் பற்றி.

பதிப்பும் எழுத்துருவும் நீ கேட்ட நிமிடத்திலேயே உண்மையாக இருந்தவை. நீ சொன்னதால் நோய் மாறவில்லை, வைத்தியர் யூகிக்கவேண்டியது குறைந்தது. அப்படிப்பட்டதைத் தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். அதுவும் கேள்விக்குள்தான். பின்னூட்டத்தில் போட்டால் பத்தாவதாக வருகிறவர் அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டார். ஸ்டேக் ஓவர்ஃப்ளோ மாதிரிக் கேள்வி-பதில் தளங்களில் பின்னூட்டத்தை 5 நிமிடத்துக்கு மேல் திருத்தவும் முடியாது.

பாமினிப் பட்டியல் வேறு கதை. கம்போசர் என்பது யூனிகோடு எழுத்துகளைச் சரியான வரிசையில் கோத்துக் காட்டுகிற ஏற்பாடு. பாமினியில் கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துருவைப் போர்த்தினால் தமிழ் மாதிரித் தெரியும், எடுத்துவிட்டால் மெய்யெழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அரைப்புள்ளியாக நிற்கும். கம்போசரை எத்தனை முறை மாற்றினாலும் அது தமிழாகாது. உன் கண்ணுக்கு இரண்டும் ‘தமிழ் உடைந்துவிட்டது’ என்று ஒன்றாகத் தெரிகிறது, அதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காரணம் வேறு, மருந்தும் வேறு.

இப்போது பதில் எழுதியவர் இடத்திலிருந்து பார். அவர் கம்போசர் என்று சொன்னார், அது சரியாகவும் இருந்தது. நீ பாமினியைச் சேர்த்ததும் புதிதாக வருகிறவர் கேள்வியைப் படிக்கிறார், பதிலைப் படிக்கிறார், ‘இந்த ஆள் பாதிக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்’ என்று கீழ்நோக்கிய அம்பை அழுத்திவிட்டுப் போகிறார். கேள்வி மாறியது பதில் எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. அவர் அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால்தான் அறிவிப்பு போகும்.

நான் பட்டிருக்கிறேன். ஒருவர் எக்செலில் தேதியும் மாதமும் இடம் மாறுகின்றன என்று கேட்டார். நம் ஊரில் நாள் முதலில், அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில், அந்தப் பழைய தகராறுதான். விண்டோஸின் வட்டார அமைப்பில் எங்கே போய் என்ன மாற்றுவது என்று படம் பிடித்துப் போட்டுப் பதில் எழுதினேன். சில நாள் கழித்து அந்த மகான் கேள்வியில் ‘எக்செல்’ என்பதை அழித்துவிட்டு ‘கூகுள் ஷீட்ஸ்’ என்று போட்டுவிட்டார். அங்கே அந்த அமைப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது, விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என் பதிலுக்குக் கீழே, “கூகுள் ஷீட்ஸுக்கு எதற்குக் கண்ட்ரோல் பேனல்?” என்று சிரிப்பு முகங்கள். தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதிய பதில் அது.

ஆகவே திருத்தும் முன் ஒன்று செய். திருத்திய கேள்வியை மேலே வைத்து, வந்திருக்கிற பதிலைக் கீழே வைத்து, முதல்முறை பார்க்கிறவர் மாதிரிப் படி. பதில் இன்னும் பொருந்தினால் சேமி. பொருந்தவில்லை என்றால் புதுக் கேள்வி போடு, பழையதன் சுட்டியை அதில் கொடு, ‘அங்கே சொன்னது யூனிகோடு பகுதிக்கு வேலை செய்தது, இந்தப் பகுதிக்கு இல்லை’ என்று ஒரு வரி எழுது. பதில் ஒன்றும் வரவில்லை என்றால் இந்தக் கவலையே வேண்டாம், உன் இஷ்டத்துக்குத் திருத்து.

அப்புறம் ஒன்று, காற்புள்ளிக்காகத் திரும்பத் திரும்பத் திருத்தாதே. ஒவ்வொரு திருத்தமும் கேள்வியை மறுபடி பட்டியலின் மேலே தூக்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். சொல்லவேண்டியதைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் திருத்து.

செந்தூல் இரவுப்பணி

அண்ணன் சொல்வது திருத்த வரலாற்றைச் சேமித்துவைக்கிற தளங்களுக்குச் சரி. எல்லா இடமும் அப்படி இல்லையே. நான் இருக்கிற பழைய பாணிக் குழுமங்களில் திருத்தினால் பழையது போயே போய்விடும், யார் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று யாருக்கும் புரியாது. அங்கே நான் எதையும் அழிப்பதில்லை. கீழே ‘பின்சேர்க்கை’ என்று போட்டு எழுதுவேன். விக்கிப்பீடியா பேச்சுப் பக்கத்தில்கூட யாராவது பதில் சொல்லிவிட்டால் பழைய வரியை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் புதியதை எழுதுவதுதான் வழக்கம். ரெடிட்டில் தலைப்பை மாற்றவே விடாது. புலனத்தில் (வாட்ஸ்அப்) 2023இலிருந்து திருத்தலாம், அதுவும் 15 நிமிடத்துக்குள். திருத்தப்பட்டது என்று காட்டும், முன்பு என்ன இருந்தது என்று காட்டாது. குடும்பக் குழுவில் அதனால் வந்த சண்டை எனக்குத் தெரியும், அது வேண்டாம்.

கடைத் தம்பி சொன்னதுபோல அழிப்பதற்கு மட்டும் நான் எதிரி. உங்களுக்கு வேலை முடிந்துவிட்டது, சரி. அடுத்த வருடம் வேறு ஓர் அச்சகத்தில் இன்னொரு ‘சேவை’ உடைந்து நிற்குமே, அவர் எங்கே போய்த் தேடுவார்?

பிரிக்ஃபீல்ட்ஸ் டீச்சர்

அழிக்க நினைத்தாலும் பல இடத்தில் முடியாது. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு மேல்நோக்கிய வாக்கு விழுந்துவிட்டால் கேட்டவரால் கேள்வியை அழிக்க முடியாது.

வணக்கத்தை வெட்டியதற்கு மனம் வருந்தாதீர்கள். நம்மூரில் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கே ஒரு ‘அண்ணே’ போட்டுத்தான் ஆரம்பிப்போம், அதனால் முகத்தில் அடித்த மாதிரித்தான் இருக்கும். அந்தத் தளங்கள் கேள்வியைக் கடிதமாகப் பார்ப்பதில்லை, பலரும் சேர்ந்து செப்பனிடுகிற பக்கமாகப் பார்க்கின்றன. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் எழுதுவதெல்லாம் பிறர் மாற்றிக்கொள்ள அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் போகிறது. 2000 மதிப்புப் புள்ளி சேராதவர் அடுத்தவர் பதிவைத் திருத்தினால் அது பரிசீலனைக்குப் போகும், சேர்ந்தவர் திருத்தினால் நேரடியாக ஏறிவிடும். உங்கள் ஆங்கிலத்தைத் திருத்தியவர் உங்களை மட்டம்தட்டவில்லை, தேடுகிறவர் கண்ணில் படட்டும் என்று செய்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. திருத்தும்போது அர்த்தம் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பழையபடி ஆக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள். வணக்கத்துக்காக மட்டும் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டாம். நீங்கள் போட, அவர் வெட்ட, கேள்வியையே பூட்டிவிடுவார்கள்.

நன்றியைப் பதிலுக்கு ஒரு வாக்காகவும் இதுதான் உதவிய பதில் என்று காட்டுகிற பச்சைச் சரிக்குறியாகவும் கொடுத்துவிடுங்கள். பழைய பாணிக் குழுமம் என்றால் தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்ப்பதை வரவேற்பார்கள். சரிக்குறி உள்ள தளத்தில் அதே சொல்லைப் போட்டால் வெட்டுவார்கள். எந்தக் கேள்வியையும் போடும் முன் அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பது என் மாணவர்களுக்கு நான் சொல்வது. அவர்கள் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

அச்சகத்துக்காரி (பினாங்கு)

எல்லாருக்கும் நன்றி, இங்கே வெட்டமாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். பழையதை அப்படியே விட்டுவிட்டுச் சரிக்குறி கொடுத்தேன். பாமினிக்குத் தனிக் கேள்வி போட்டேன், சுட்டியோடு. சீக்கிரமே பதில் வந்தது: என்எச்எம் கன்வர்ட்டரில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி ஒட்டச் சொன்னார்கள். பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன.

ஒரே ஒரு வம்பு. பட்டியலில் ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ரிங்கிட்டுக்கான ஆர், எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருக்கிறது. கன்வர்ட்டர் அதையும் பாமினி என்று நினைத்து ‘சுஆ’ என்று மாற்றிவிட்டது. ‘சுஆ 500’ என்று போட்டால் உபயகாரர் சும்மா விடுவாரா? இதைக் கேள்வியில் சேர்க்கலாமா, இல்லை மூன்றாவது கேள்வியா? பயமாக இருக்கிறது.

பிறைக்காரன்

சேர்க்கலாம், பயப்படாதே. நீ கேட்டபோதே ரிங்கிட் கோப்பில் இருந்தது, கன்வர்ட்டர் என்ற பதிலும் அதனால் தப்பாகிவிடவில்லை. பட்டியலிலிருந்து ஒரு வரியை மாதிரியாகப் போடு, பெயரை மட்டும் மாற்றிவிடு, உபயகாரர் பெயர் இணையத்தில் கிடக்க வேண்டாம். பிறகு பதில் சொன்னவருக்குப் பின்னூட்டத்தில் ‘ஒரு மாதிரி வரி சேர்த்திருக்கிறேன்’ என்று சொல்லிவிடு, இல்லையென்றால் அவருக்குத் தெரியாது.

அதுவரை வேலை நிற்க வேண்டாம். மாற்றும் முன் அந்த இரண்டு எழுத்தையும் தேடி அழித்துவிடு. எண்கள் பாமினியிலும் எண்கள்தான், அவை அப்படியே வரும். யூனிகோடு ஆன பிறகு தொகைகளுக்கு முன்னால் ரிங்கிட்டைப் போட்டுக்கொள். பட்டியலில் யாருக்காவது ஆங்கில முதலெழுத்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள், அதுவும் இதே மாதிரி மாறியிருக்கும்.