கண்மாய்க்குள் இறங்க நல்ல பூட்ஸ் எங்கே கிடைக்கும்?

அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். ஊர் காரைக்குடிப் பக்கம். எங்கள் ஐயா அந்தக் காலத்தில் துப்பாக்கியோடு தாரா (காட்டு வாத்து) சுடப் போனவர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். கண்மாய்ப் பைத்தியம் மட்டும் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, பறவை பார்க்கும் பைனாகுலர் வடிவில்! இப்போது மகளும் ஒட்டிக்கொண்டாள்.

எங்கள் ஊர்க் கண்மாயில் கரம்பைச் சேறு முழங்கால்வரை இழுக்கிறது. கருவேல முள் சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடுகிறது. முழங்கால் உயரத்தில், அடிப்பாகம் கெட்டியான பூட்ஸ் வேண்டும். கடையில் கேட்டால் ஆண்கள் அளவைத்தான் நீட்டுகிறார்கள். பெண்கள் கண்மாயில் இறங்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? நாற்று நடுகிறவர்கள் யாராம்? பெண்களுக்கான 5-ஆம் எண் மதுரையிலோ திருச்சியிலோ கிடைக்குமா?

மகளுக்கு 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும் என்பது என் எண்ணம். 10 மடங்கு என்றால் சிறு கையில் படம் ஆடும். எடை குறைவானது எது? கார்த்திகை, மார்கழியில் வேட்டங்குடிச் சரணாலயம் போகிறோம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. கரையில் நின்றே பார்ப்போம். அதற்குள் வாங்கியாக வேண்டும். விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.