சீட் பெல்ட் பிரிடென்ஷனரை நானே மாற்றலாமா?

செங்கோட்டையிலிருந்து:
போன மாதம் புளியரை எஸ் வளைவில் முன்னால் போன லாரியில் இடித்துவிட்டேன். எனக்கு அடியில்லை. ஆனால் ஓட்டுநர் பக்க பெல்ட் இறுகியபடியே நின்றுவிட்டது, ஏர்பேக் விளக்கும் அணையவில்லை. புனலூர்ப் பக்கம் பழைய சாமான் கடையில் அதே மாடல் பெல்ட் இருக்கிறது. மாட்டலாமா அண்ணே?

தென்மலை மெக்கானிக்:
தம்பி, அதை வாங்காதீர்கள். பெல்ட்டோடு இருக்கும் பிரிடென்ஷனர் என்ற இறுக்கும் கருவிக்குள் சிறு வெடிமருந்து இருக்கிறது. மோதும்போது அது சில மில்லி விநாடிகளில் வெடித்துப் பெல்ட்டை இறுக்கும். ஒருமுறை வெடித்தால் திரும்ப உதவாது. பழைய கடைப் பெல்ட் எந்த விபத்தைப் பார்த்ததோ, யாருக்குத் தெரியும்?

புதியதை மாட்டும் முன் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் முழுக்கக் காத்திருங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பிரிடென்ஷனருக்குப் போகும் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து ஓம்ஸ் (மின்தடை) பார்க்கவே கூடாது, அந்தச் சிறு மின்னோட்டமே வெடிக்க வைக்கலாம். பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். உயிர் தொங்குகிற போல்ட் அது.

தென்காசியிலிருந்து:
என் வண்டியில் பெல்ட்டை மாற்றிய பிறகும் விளக்கு எரிந்தது. மோதிய தகவல் ஏர்பேக் கம்ப்யூட்டரில் பதிவாகி இருந்ததுதான் காரணம். விளக்கு அணைய, கம்ப்யூட்டரை ஏமாற்றும் ரெசிஸ்டர் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

செங்கோட்டையிலிருந்து:
சரி அண்ணே, புதியதே வாங்குகிறேன். மாட்டும் வேலையையும் உங்களிடமே விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?