.44 கேப்-அண்ட்-பால் ரிவால்வருக்கு (தோட்டா இல்லாம மருந்து, குண்டு, கேப்னு தனித்தனியா நிரப்புறது) வெடிமருந்து எவ்வளவு?

கேள்வி (ஏற்காடு): லைசன்ஸில் உள்ள 1860 கோல்ட் ஆர்மி நகல். 35 கிரெய்ன் (மருந்து அளக்கிற சின்ன எடை) போட்டா குண்டு ஒரே இடத்துல விழாம சிதறுது. 20-க்குக் குறைச்சா குண்டு சிலிண்டர் அறைக்குள்ள ரொம்ப ஆழமா போயிடுது. எது சரிங்க?

பதில் (சேலம்): மூணு எஃப் (FFFg, பொடி ரகம்) கருமருந்து, 25-ல ஆரம்பிங்க. ஒவ்வொண்ணா ஏத்தி, 30-க்குள்ள எந்த அளவுல குண்டுகள் கூடி விழுதோ அங்க நில்லுங்க. மருந்துக் குடுவையிலிருந்து நேரா அறைக்குள்ள கொட்டாதீங்க. உள்ள கங்கு கிடந்தா குடுவையே வெடிக்கும். அளவுக்குழாயில அளந்து ஊத்துங்க. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடைவெளி கூடவே கூடாது. மருந்து கம்மின்னா மேல உப்புமா ரவை போட்டு அழுத்துங்க, குண்டு வாய்ப்பக்கம் வந்து நிக்கும். .454 அங்குலக் குண்டை இறக்கும்போது ஈயம் மெல்லிசா வளையமா சீவி வரணும். வரலைன்னா குண்டு சின்னது, பக்கத்து அறையும் சேர்ந்து பத்திக்கும்.

பதில் (ஆத்தூர்): அண்ணன் சொன்னது சரி. கேப் (பின்னாடி நிப்பிள்ங்கிற முனையில மாட்டுற, தீப்பொறி தர்ற சின்ன மூடி) தொளதொளன்னு இருந்தாலும் பின்பக்கமா தீ தாவலாம். 10-ஆம் நம்பர் கேப்பா 11-ஆன்னு நிப்பிள்ல மாட்டிப் பாருங்க. புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட வேண்டாம், சிலிண்டர் பிளந்துடும். துப்பாக்கியோட சட்டம் (ஃப்ரேம்) பித்தளையா?

கேட்டவர்: இல்லீங்க, எஃகுதான்.

பதில் (சேலம்): அப்போ 30 தாங்கும். சுட்ட அன்னைக்கே சோப்பு, சுடுதண்ணியில கழுவுங்க, நிப்பிளையும் கழற்றி. உங்க ஊர் பனிக்கு அந்தக் கரி ஈரத்தை இழுத்து, விடியறதுக்குள்ள துரு பூத்துடும்.