மறுமொழி: ஸ்பெர்மியோஜெனிசிஸ் – ‘விந்தணு உருப்பேறு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

விந்தணு உருவாகும் முழுத்தொடரான ஸ்பெர்மடோஜெனிசிஸ், அதன் கடைசிக் கட்டமான ஸ்பெர்மியோஜெனிசிஸ் ஆகிய இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் வேண்டுமா என்ற பேச்சில் வந்த மடல் இப்படிச் சொல்கிறது:

> இரண்டுக்குமே ‘விந்தணுவாக்கம்’ போதும். பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ‘விந்தணு முதிர்ச்சி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘முதிர்ச்சி’யை இங்கே செலவழித்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். விந்தகத்தை விட்டு வெளியேறும் விந்தணு, எபிடிடிமிஸ் குழல் வழியே போகும்போதுதானே நீந்தும் திறனைப் பெறுகிறது? அந்த நிகழ்வுக்கு அந்தச் சொல் வேண்டும். ஸ்பெர்மியோஜெனிசிஸ் அதற்கு முன்பே விந்தகத்துக்குள் முடிந்துவிடுகிறது.

ஸ்பெர்மடோஜெனிசிஸ் என்பது மனிதரில் ஏறத்தாழ 74 நாள் நீளும் முழுத்தொடர். தண்டுச்செல் பிரிவது, குன்றல்பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல்பிரிவு), பிறகு உருண்டைச் செல் தலையும் வாலும் பெறுவது எல்லாம் அதில் அடக்கம். ‘விந்தணுவாக்கம்’ அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஸ்பெர்மியோஜெனிசிஸ் அதன் கடைசிப் பகுதி மட்டுமே. அங்கே செல் பிரிவதே இல்லை.

மரபணு வெளிப்பாட்டைப் பற்றி எழுதும்போதுதான் தனிச்சொல் இல்லாத குறை உறைக்கிறது. இந்தக் கடைசிக் கட்டத்தில், டி.என்.ஏ.வைத் தம்மீது சுற்றி வைத்திருந்த ஹிஸ்டோன் என்னும் புரதங்களில் பெரும்பகுதி விலக, இடைமாற்றப் புரதங்கள் வருகின்றன. அடுத்து அவையும் விலகி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரோட்டமின் புரதங்கள் அமர்கின்றன. (1874இல் சுவிஸ் அறிவியலாளர் மீஷர் சால்மன் மீனின் விந்தணுவில் கண்டு பெயரிட்ட அதே புரோட்டமின்.) உட்கரு இறுக இறுகப் படியெடுப்பு, அதாவது மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவது, நின்றுபோகிறது. புரதத் தேவையோ நிற்பதில்லை. ஆகவே புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கும் தூது ஆர்.என்.ஏ.க்கள் முன்கூட்டியே படியெடுக்கப்பட்டு, புரதமாகாதபடி தடுத்து வைக்கப்படுகின்றன. சுண்டெலியில் புரோட்டமின்-1இன் தூது ஆர்.என்.ஏ. ஏறக்குறைய ஒரு வாரம் அப்படிக் காத்திருக்கிறது. அந்தத் தடையை நீக்கி, புரதத்தை முன்னதாகவே உருவாக வைத்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. உட்கரு காலத்துக்கு முந்தி இறுகியது. ஆண் எலிகள் மலடாயின. புரதத்தில் குறையில்லை, வந்த நேரம்தான் தவறு! இத்தனை கட்டுப்பாடு நிறைந்த கட்டத்தை ‘விந்தணுவாக்கத்தின் இறுதிநிலை’ என்று ஒவ்வொரு முறையும் நீட்டி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘விந்தணு உருமாற்றம்’ எனலாம் என்று இன்னொரு மடலில் வந்திருந்தது. எனக்கும் முதலில் தோன்றிய சொல் அதுதான். ஆனால் விந்தணு வேறேதோ ஒன்றாக மாறுகிறது என்று படிக்க அது இடம் தருகிறது. இங்கே விந்தணு என்பது மாறி வந்து சேரும் வடிவம்.

எனவே ‘விந்தணு உருப்பேறு’ என்பதை முன்வைக்கிறேன். மகப்பேறு என்ற சொல் இருப்பதால் அமைப்பு யாருக்கும் புதிதாக இராது. செல் பெருகுவதைப் பற்றி எதுவும் சொல்லாமல், உரு அடைவதை மட்டும் சொல்கிறது. உருப்பேற்றுக் கட்டம், உருப்பேற்றுப் புரதங்கள், உருப்பேற்றுக் குறைபாடு என்று கிளைக்கவும் செய்கிறது.

ஸ்பெர்மாட்டிட் பாக்கி இருக்கிறது; குன்றல்பகுப்பு முடிந்து, விந்தணுவின் உருவை இன்னும் முழுதாக அடையாத செல் அது. ‘இளவிந்தணு’ வேண்டாம், விந்தகத்தை விட்டு அப்போதுதான் வெளிவந்த, இன்னும் நீந்தாத விந்தணுவோடு குழம்பும். ‘முன்விந்தணு’ என் தெரிவு. அதை ஏற்றால், “உருண்டை முன்விந்தணுவில் படியெடுத்தது நீள் முன்விந்தணுவில் புரதமாகிறது” என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்